தரவரிசையின் முதல் பக்கத்துக்கு அப்பால் நல்ல கல்லூரி தேடுவது எப்படி?

தரவரிசைப் பட்டியல்களின் முதல் பக்கத்தில் இருக்கும் கல்விக்கூடங்களில் இடம் கிடைப்பது மிகச் சிலருக்குத்தான். மற்ற எல்லோரும் வேறெங்கோ படிக்கிறார்கள், அவர்களில் ஏராளமானவர்கள் நன்றாகப் படித்து நல்ல நிலைக்கும் வருகிறார்கள். அந்த ‘வேறெங்கோ’வில் நல்ல இடம் எது, வெறும் கட்டடம் எது என்று பிரித்துப் பார்ப்பதற்கான வழிகள் இவை. முதல் முறையாகக் கல்லூரி தேடுகிற மாணவரையும், கூட உட்கார்ந்து தேடுகிற பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

பட்டியல் மதிப்பெண் போடுவது மொத்த நிறுவனத்துக்கு. மூன்று நான்கு வருடம் நீங்கள் உட்காரப்போவதோ அதில் ஒரே ஒரு துறையின் வகுப்புகளில். ஆகவே தேடலைத் துறையிலிருந்து தொடங்கி, பிறகு கல்லூரிக்கு வர வேண்டும். கீழே சொல்லியிருப்பது எல்லாமே இந்த ஒரு யோசனையைச் செயல்படுத்தும் வழிகள்தான்.

பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள், பிரித்துப் பாருங்கள்

ஒரு பட்டியல் எதை எண்ணுகிறது என்பதை அதன் செய்முறைப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. திறந்து பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கும்.

க்யூஎஸ் உலகப் பட்டியலின் 2024 பதிப்பிலிருந்து கல்வியாளர்களிடம் கேட்டு வாங்கும் நற்பெயருக்கு 30 சதவீதம், வேலை கொடுப்பவர்களிடம் கேட்டு வாங்கும் நற்பெயருக்கு 15 சதவீதம். ஆக 45 சதவீதம், ‘உங்களுக்குத் தெரிந்து நல்ல இடம் எது’ என்ற கேள்விக்கு வந்த பதில். டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் பட்டியலில் கற்பித்தல் நற்பெயருக்கு 15, ஆராய்ச்சி நற்பெயருக்கு 18 என மொத்தம் 33. ஷாங்காய் பட்டியல் என்று அழைக்கப்படும் ஏஆர்டபிள்யூயூ 2003-இல் தொடங்கியது. அதில் பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் வாங்கிய நோபல் பரிசு, கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் ஆகியவற்றுக்கே 30 சதவீதம். மீதி பெரும்பாலும் ஆராய்ச்சிக் கட்டுரைக் கணக்கும் மேற்கோள் கணக்கும். முதலாண்டு மாணவருக்கு அங்கே பாடம் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அந்தப் பட்டியல் அதற்காக உருவானதும் இல்லை. அதை வைத்து இளநிலைப் படிப்புக்குக் கல்லூரி தேர்ந்தெடுக்கிறவர்கள்தான் தவறான கருவியைக் கையில் எடுக்கிறார்கள்.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் க்யூஎஸ் பட்டியலில் ஐம்பதாம் இடத்தை ஒட்டி நிற்கும். ஷாங்காய் பட்டியலில் 150-க்குக் கீழே போய்விடும். அதே வளாகம், அதே ஆசிரியர்கள். அது சமூக அறிவியலுக்கான நிறுவனம். மருத்துவமும் இயற்பியலும் நடத்துகிற பெரிய பல்கலைக்கழகங்களோடு கட்டுரை எண்ணிக்கையில் அதனால் போட்டி போட முடியாது, அவ்வளவுதான் விஷயம். பெயர் பெற்ற ஒரு நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், பெயர் பெறாத சிறிய கல்லூரி எங்கே தெரியப் போகிறது?

தகவலையும் முழுசாக நம்ப வேண்டாம். பல பட்டியல்களுக்கான தகவலில் பெரும்பங்கைக் கல்லூரிகளே அனுப்புகின்றன. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் அமெரிக்கக் கல்விக்கூடங்களை வரிசைப்படுத்தும் யுஎஸ் நியூஸ் பட்டியலில் 2-ஆம் இடத்தில் இருந்தபோது, அங்கேயே கணிதப் பேராசிரியராக இருக்கும் மைக்கேல் தாடியஸ் 2022 பிப்ரவரியில் அந்த எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுதினார். இருபது பேருக்கும் குறைவாக உள்ள வகுப்புகள் 82.5 சதவீதம் என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. பிறகு அதுவே வெளியிட்ட கணக்கில் அது சுமார் 57 சதவீதம்தான். அந்த வருடம் செப்டம்பரில் கொலம்பியா 18-ஆம் இடத்துக்கு இறங்கியது. அதற்காகக் கொலம்பியா ஒரே வருடத்தில் மோசமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. எண்தான் மாறியது.

எதிர்த்திசையிலும் நடக்கும். அமெரிக்காவின் ரீட் கல்லூரி 1995 முதல் யுஎஸ் நியூஸுக்குத் தகவல் தர மறுத்து வருகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2023-இல் டைம்ஸ் பட்டியலிலிருந்து விலகியது, சூரிக் பல்கலைக்கழகம் 2024-இல் விலகுவதாக அறிவித்தது. ஆக ஒரு பெயர் பட்டியலில் இல்லை என்பதற்குத் தரக்குறைவு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் பட்டியலை எப்படிப் பயன்படுத்துவது? க்யூஎஸ், டைம்ஸ் தளங்கள் இரண்டிலும் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஒவ்வோர் அளவுகோலையும் தனியாக எடுத்து வரிசைப்படுத்த முடியும். உங்களுக்கு வேண்டியது கற்பித்தலா, வேலைவாய்ப்பா என்று பார்த்து அந்த அளவுகோலை மட்டும் அழுத்துங்கள். மொத்த வரிசையில் நானூறாவது இடத்தில் கிடந்த பெயர்கள் சட்டென்று மேலே வரும். அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தேடலின் முதல் பத்து பெயர்கள் பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடும். பாடவாரிப் பட்டியல் இருந்தால் அதையும் பாருங்கள். ஜெர்மனியின் சிஎச்இ அமைப்பு ஒன்று, இரண்டு என்று இடம் போடாமல் பாடவாரியாக மேல், நடு, கீழ் என்று மூன்று குழுவாகப் பிரிக்கிறது. எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தில் யோக்கியமான அணுகுமுறை அதுதான். 37-ஆம் இடத்துக்கும் 52-ஆம் இடத்துக்கும் நடுவே ஒரு மாணவர் உணரக்கூடிய வித்தியாசம் எதுவும் இல்லை.

பெரிய பெயர் எங்கே உதவும், எங்கே உதவாது

இதைப் பேசாமல் மேலே போனால், முதல் பக்கத்தில் இடம் கிடைக்காததைச் சமாளிக்கச் சொல்லும் ஆறுதல் வார்த்தை போல ஆகிவிடும்.

ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடம் கிடைத்தவர்களில், பெரிய பெயருள்ள இடத்தில் படித்தவர்களையும் அதை விட்டுச் சாதாரண இடத்துக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்காலச் சம்பளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. கெட்டிக்கார மாணவர் எங்கே படித்தாலும் ஓரளவு அதே இடத்துக்கு வந்துசேர்கிறார். ஆனால் ஒரு விதிவிலக்கு: வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய பெயர் நிஜமாகவே உதவியது. பெற்றோர் வழியாக வராத தொடர்புகள் அவர்களுக்குக் கல்லூரி வழியாக வருகின்றன.

2023-இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. அமெரிக்காவின் மிக உயர்ந்த பன்னிரண்டு தனியார் பல்கலைக்கழகங்களில் படித்தால் சராசரி வருமானம் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் வருமானத்தில் உச்ச ஒரு சதவீதத்துக்குள் நுழையும் வாய்ப்பு கணிசமாகக் கூடியது. எனவே உங்கள் இலக்கு பெரிய முதலீட்டு வங்கியோ, ஆலோசனை நிறுவனமோ என்றால் பெயருக்கு விலை உண்டு. ஏனென்றால் அவர்கள் ஆள் எடுக்கப் போகும் வளாகங்கள் சிலதான். பொறியியல், நர்சிங், கணக்கியல், கற்பித்தல், ஆராய்ச்சி போன்ற வழிகளில் போகிறவர்களுக்குப் பெயரைவிடத் துறைதான் முக்கியம்.

பெயர்களைச் சேர்ப்பது: பின்னாலிருந்து தேடுங்கள்

கல்லூரியிலிருந்து வேலையைப் பார்ப்பதற்குப் பதில், வேலையிலிருந்து கல்லூரியைப் பாருங்கள். நீங்கள் இருபத்தேழு வயதில் எந்த வேலையில் இருக்க ஆசைப்படுகிறீர்களோ, அந்த வேலையில் இன்று இருப்பவர்கள் எங்கே படித்தார்கள் என்று தேடுங்கள். லிங்க்ட்இன் தளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் பழைய மாணவர்கள் என்று ஒரு பகுதி இருக்கும். அவர்கள் எந்த நிறுவனத்தில், எந்த ஊரில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அதில் வடிகட்டிப் பார்க்கலாம். பிரபலமான ஒரே ஒரு பழைய மாணவரின் படத்தைக் கல்லூரி எல்லா இடத்திலும் ஒட்டி வைத்திருக்கும். அதைப் பொருட்படுத்தாதீர்கள். ஐந்து வருடம் முன்பு முடித்த சாதாரண ஐம்பது பேர் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஆராய்ச்சிக்குப் போக எண்ணுகிறவர்களுக்கு வேறு ஒரு வழி. உங்கள் பாடத்தில் உலகின் சிறந்த முனைவர் பட்டத் துறைகள் நாலைந்தை எடுத்துக்கொண்டு, அங்கே இப்போது படிக்கும் ஆய்வு மாணவர்களின் பக்கங்களைத் திறந்து, இளநிலைப் பட்டம் எங்கே வாங்கினார்கள் என்று பாருங்கள். ஒரு மாலை நேர வேலை. எதிர்பார்த்த பெயர்களுக்கு நடுவே, கேள்வியே படாத சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். முன்பு சொன்ன ரீட் போன்ற சின்னக் கல்லூரிகள், பட்டதாரிகளில் எத்தனை பங்கு பேர் பின்னால் முனைவர் பட்டம் வாங்குகிறார்கள் என்ற கணக்கில் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றை முந்துகின்றன. அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெறுவோரிடம் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பில் இது தெரியும்.

போட்டி முடிவுகளும் நல்ல தடயம். கல்லூரி மாணவர்களுக்கான ஐசிபிசி நிரலாக்கப் போட்டியில் ரஷ்யாவின் ஐடிஎம்ஓ பல்கலைக்கழகம் 2004-க்கும் 2017-க்கும் இடையே ஏழு முறை உலகப் பட்டம் வென்றது. பொதுத் தரவரிசையின் முன்வரிசையில் அதைத் தேடினால் கிடைக்காது. மாணவர்கள் காரைத் தாங்களே வடிவமைத்துக் கட்டி ஓட்டும் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டி, உயிரியலில் ஐஜெம் போட்டி என ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று இருக்கும். ஒரே வருடம் ஜெயித்திருந்தால் ஒரு நல்ல குழு அமைந்தது என்று அர்த்தம். பத்து வருடமாகப் பெயர் வந்துகொண்டே இருந்தால் அங்கே யாரோ ஓர் ஆசிரியர் விடாமல் வேலை செய்கிறார்.

அப்புறம், பட்டியலின் கண்ணுக்கே படாத வகைகள் சில உண்டு. முனைவர் பட்டம் கொடுக்காத கல்லூரிகள் உலகப் பட்டியல்களில் அநேகமாக வருவதே இல்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் ரோஸ்-ஹல்மன் அப்படி ஒரு பொறியியல் கல்லூரி. முனைவர் பட்டம் தராத பொறியியல் கல்லூரிகளை மட்டும் ஒப்பிடும் யுஎஸ் நியூஸ் பட்டியலில் பல ஆண்டுகள் முதலிடம். உலகப் பட்டியலில் ஆளே இல்லை. ஜெர்மனியின் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களும் இந்த வகை. அங்கே பேராசிரியராக வர, பொதுவாகக் குறைந்தது மூன்று வருடமாவது பல்கலைக்கழகத்துக்கு வெளியே தொழில் அனுபவம் இருக்க வேண்டும். தொழிற்சாலைக்குப் போக நினைக்கும் மாணவருக்கு இது லேசுப்பட்ட விஷயமில்லை.

படிப்புக்கு நடுவே சம்பளத்தோடு வேலைப் பருவங்கள் வைத்திருக்கும் இடங்களையும் சேருங்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கும்போதே இந்த முறையில்தான் தொடங்கியது. க்யூஎஸ் பட்டியலில் சமீப ஆண்டுகளில் நூறுக்கு வெளியேதான் நிற்கிறது. ஆனால் மென்பொருள் நிறுவனங்களில் விசாரித்துப் பாருங்கள், வாட்டர்லூ என்றால் தெரியாதவர்கள் குறைவு. ஒரே பாடத்துக்கென்று இருக்கும் சிறு நிறுவனங்கள், பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்த மாணவர்களுக்காகத் தனியாக இயங்கும் ஆனர்ஸ் பிரிவுகள் ஆகியவற்றையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

இப்படிச் சேர்த்தால் முப்பது பெயர்கள்கூட வரும். வரட்டும். குறைப்பது அடுத்த வேலை.

துறையின் உள்ளே நுழைந்து பாருங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். பெரும்பாலானோர் மிகக் குறைவாகச் செலவிடுவதும் இங்கேதான்.

முதலில் கால அட்டவணை. பாடத்திட்டப் புத்தகத்தில் அறுபது விருப்பப் பாடங்கள் போட்டிருப்பார்கள். வாசிக்கவே ஆசையாக இருக்கும். அவற்றில் கடந்த இரண்டு வருடத்தில் நிஜமாக நடந்தவை எத்தனை? கடந்த நான்கு பருவங்களின் கால அட்டவணையைத் தேடி எடுங்கள். இணையத்தில் இல்லையென்றால் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். புத்தகத்தில் அறுபதும் அட்டவணையில் பதினைந்தும் என்றால், உங்களுக்குக் கிடைக்கப்போவது பதினைந்துதான். கட்டாயப் பாடம் ஒன்று வருடத்துக்கு ஒரே முறை, ஒரே வகுப்பாக மட்டும் நடக்கிறதா என்றும் பாருங்கள். அதில் இடம் கிடைக்காமல் போனாலோ, தேறாமல் போனாலோ படிப்பு ஒரு வருடம் நீளும். அந்த வருடத்துச் செலவும் உங்கள் தலையில்தான்.

அடுத்து ஆசிரியர்கள். துறைப் பக்கத்தில் உள்ள பெயர்களை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பெயர்களை அட்டவணையில் தேடுங்கள். புகழ்பெற்ற பேராசிரியர் முகப்புப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பார். முதல் இரண்டு வருட வகுப்புகளை எடுப்பவர் ஒப்பந்தத்தில் வந்து ஆறு மாதத்தில் போகிறவராக இருப்பார். நான்கு பருவங்களிலும் ஒரே பெயர்கள் திரும்பி வருகின்றனவா என்பது நல்ல அடையாளம். மூத்த ஆசிரியர்களே முதலாண்டு வகுப்பு எடுக்கும் துறை கண்ணில் பட்டால், அந்தக் கல்லூரியின் பெயருக்குப் பக்கத்தில் பெரிய நட்சத்திரம் போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு பாடத்தின் கனம். ஏதாவது ஒரு அடிப்படைப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக நேரியல் இயற்கணிதம், நுண்பொருளாதாரம். அந்தக் கல்லூரியில் அந்தப் பாடத்தின் வாரவாரித் திட்டம், வீட்டுக் கணக்குகள், பழைய கேள்வித்தாள் ஆகியவற்றைச் சேகரியுங்கள். எம்ஐடி 2001-இல் அறிவித்த ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் அதே பாடத்தின் திட்டமும் கேள்வித்தாளும் இலவசமாகக் கிடைக்கும். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்பிடெல் தளத்திலும் பாடங்கள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடம் தெரியாதவர்கூட ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம்: கேள்வித்தாள் ‘வரையறு, பட்டியலிடு, விவரி’ என்று கேட்கிறதா, புதிதாக ஒன்றைக் கொடுத்து யோசிக்கச் சொல்கிறதா? இதில் சின்னக் கல்லூரிகள் சில பெரியவற்றுக்குச் சமமாக நிற்பதைப் பார்க்கலாம். பெயர் பெற்ற சில இடங்கள் ஏமாற்றமளிப்பதும் உண்டு.

கடைசி வருட ப்ராஜெக்டுகளின் தலைப்புகளையும் கேட்டு வாங்குங்கள். வருடா வருடம் அதே தலைப்புகள் சுற்றிக்கொண்டிருந்தால் காரணம் உங்களுக்கே புரியும். ஆய்வகம், நூலகம், விடுதி இவற்றையெல்லாம் நேரில் ஒரு நடை பார்த்தால் போதும், அவை பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் கருவி இருக்கிறதா என்பதோடு, இளநிலை மாணவர் அதைத் தொட அனுமதி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்களைப் படிப்பது

நான்கு எண்கள் போதும்.

ஒன்று, சேர்ந்தவர்களில் உரிய காலத்தில் முடிப்பவர்கள் எத்தனை சதவீதம். என்னைக் கேட்டால் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கலாம் என்றால் இதைத்தான் பார்ப்பேன். சேர்க்கும்போது கைதட்டி வரவேற்று, பாதிப் பேரை வழியில் தவறவிடும் கல்லூரியில் ஆசிரியர் கவனமும் இல்லை, பண உதவியும் இல்லை என்றே பெரும்பாலும் பொருள். இரண்டு கல்லூரிகளை ஒப்பிடும்போது ஒரே மாதிரி மதிப்பெண்ணோடு மாணவர் சேரும் கல்லூரிகளாக எடுங்கள். சேரும்போதே எல்லோரும் தொண்ணூறு வாங்கியவர்கள் என்றால் முடிக்கும் சதவீதம் தானாகவே உயரும், அதில் கல்லூரியின் பங்கு எவ்வளவு என்று தெரியாது. சுமாரான மதிப்பெண்ணோடு வந்தவர்களை முடிக்க வைக்கும் கல்லூரிதான் நீங்கள் தேடும் கல்லூரி.

இரண்டு, முதல் வருடம் முடிந்து இரண்டாம் வருடத்துக்குத் திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேர். விளக்கம் தேவையில்லை.

மூன்று, வேலை கிடைத்தவர்கள். இதில்தான் கண்கட்டு வித்தை அதிகம். துறையில் 200 பேர் முடிக்கிறார்கள் என்று வையுங்கள். பிளேஸ்மென்ட்டுக்குப் பதிவு செய்ய அனுமதிக்கப்பட்டவர்கள் 80. அவர்களில் 72 பேருக்கு வேலை. விளம்பரப் பலகையில் ‘90 சதவீதம்’ என்று வரும். 72-ஐ 200-ஆல் வகுத்தால் 36 சதவீதம். இரண்டு எண்ணும் பொய்யில்லை, வகுக்கும் எண்தான் வேறு. எனவே சதவீதத்தைக் கேட்காதீர்கள். மொத்தம் எத்தனை பேர், வேலைக்குப் போனவர்கள் எத்தனை, மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை, மற்றவர்கள் எங்கே என்று நாலு எண்ணிக்கையாகக் கேளுங்கள்.

நான்கு, சம்பளம். அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒருவருடையது. சராசரியையும் அந்த ஒருவர் தூக்கிவிடுவார். இடைநிலை மதிப்பைக் கேளுங்கள், அதாவது எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவருடைய சம்பளம். அதைச் சொல்ல மறுத்தால் அந்த மறுப்பே பதில்.

இந்த எண்களைக் கல்லூரியின் கையேட்டில் தேடாதீர்கள், அரசுத் தளங்களில் தேடுங்கள். அமெரிக்காவில் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு, துறைவாரியான வருமானம் வரை காட்டும். பிரிட்டனில் டிஸ்கவர் யூனி, ஆஸ்திரேலியாவில் கம்பேர்ஈடி. இந்தியாவில் மத்திய அரசின் தரவரிசையான என்ஐஆர்எஃப் 2015-இல் அறிவிக்கப்பட்டது. அதில் பங்கேற்கும் கல்லூரிகள் சமர்ப்பித்த தகவல் கோப்புகளை அந்தத் தளத்திலேயே படிக்கலாம். முடித்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், இடைநிலைச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள் எல்லாம் வருடவாரியாக இருக்கும். தரவரிசையில் அந்தக் கல்லூரி எத்தனையாவது என்பதைவிட இந்தக் கோப்பு ஆயிரம் மடங்கு உபயோகம். அதுவும் கல்லூரியே கொடுத்ததுதான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அங்கீகாரம்: இதில் சமரசமே வேண்டாம்

அங்கீகாரம் இரண்டு மட்டத்தில் உண்டு. நிறுவனத்துக்கு ஒன்று, குறிப்பிட்ட படிப்புக்கு ஒன்று. ‘எங்கள் கல்லூரி அங்கீகாரம் பெற்றது’ என்று சொல்வதை வைத்து உங்கள் படிப்பும் பெற்றதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பொறியியலுக்கு வாஷிங்டன் ஒப்பந்தம் என்று 1989-இல் ஏற்பட்ட ஒன்று உண்டு. அதில் உள்ள நாடுகள், ஒன்று அங்கீகரித்த படிப்பை மற்றொன்று ஏற்றுக்கொள்கின்றன. இந்தியா 2014-இல் முழு உறுப்பினரானது. ஆனால் அது செல்லுபடியாவது அதன் கீழ் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும்தான். கல்லூரியில் இருக்கும் எல்லாப் படிப்புக்கும் இல்லை.

மருத்துவம், சட்டம், நர்சிங், கட்டடக்கலை, மருந்தியல் போன்ற உரிமம் தேவைப்படும் தொழில்களில், நீங்கள் வேலை செய்ய நினைக்கும் இடத்தின் உரிம அமைப்பு அந்தப் பட்டத்தை ஏற்குமா என்று அந்த அமைப்பின் தளத்திலேயே பார்க்க வேண்டும். கல்லூரியின் வாய்மொழி உறுதி செல்லாது. எவ்வளவு நல்ல துறையாக இருந்தாலும் இது இல்லையென்றால் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

கேள்விப்படாத கல்லூரிகளைத் தேடும்போது போலிகளும் வலையில் விழும். இன்றைக்கே முன்பணம் கட்டினால் சலுகை என்று நெருக்குவது, யார் கொடுத்தது என்று தெரியாத விருதுகளை அடுக்குவது, பிரபல பல்கலைக்கழகத்தின் பெயரைச் சற்றே மாற்றி வைத்துக்கொள்வது, ஆசிரியர் பெயர்களே தளத்தில் இல்லாமல் இருப்பது, இவற்றில் ஒன்று தென்பட்டாலே விலகிப் போவது நல்லது.

ஆட்களிடம் பேசுங்கள்

இதற்குள் ஏழெட்டுப் பெயர்கள்தான் மிஞ்சியிருக்கும். அவற்றில் படிக்கும் மாணவர்களிடம் பேச வேண்டும். கல்லூரி அறிமுகப்படுத்தும் மாணவர் நல்லதை மட்டும் சொல்வார். நீங்களாகத் தேடிப் பிடியுங்கள். துறையின் மாணவர் சங்கம், போட்டிக் குழுக்கள், லிங்க்ட்இன் எல்லாம் உதவும். ‘கல்லூரி எப்படி?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்ற பதில்தான் வரும். கேள்வி குறிப்பாக இருக்கட்டும்:

- போன பருவத்தில் எந்த ஆசிரியரை வகுப்புக்கு வெளியே போய்ச் சந்தித்தீர்கள், எதற்காக?
- எந்தப் பாடம் எடுக்க ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போனது?
- உங்களோடு சேர்ந்தவர்களில் யாராவது விலகிப் போனார்களா, ஏன்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் எதையாவது வெளிக்கொண்டுவரும்.

முதல் கேள்விக்கும் காரணம் இருக்கிறது. கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் 2014-இல் அமெரிக்கப் பட்டதாரிகள் சுமார் 30,000 பேரிடம் ஆய்வு நடத்தின. வேலையில் ஈடுபாட்டோடு இருப்பதற்கும், படித்த கல்லூரி அரசா தனியாரா, பெரும் பெயர் பெற்றதா இல்லையா என்பதற்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை. தன்மேல் அக்கறை காட்டிய ஓர் ஆசிரியர், படிப்பில் ஆர்வத்தை மூட்டிய ஓர் ஆசிரியர், கனவைத் துரத்தச் சொன்ன ஒரு வழிகாட்டி ஆகிய மூன்றும் கிடைத்தவர்களுக்குத்தான் அப்படி இருப்பதற்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மூன்றும் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

துறைக்கு நீங்களே ஒரு மின்னஞ்சலும் அனுப்பிப் பாருங்கள். படிப்பைப் பற்றிய உருப்படியான ஒரு கேள்வியை, நாலு வரியில், ஓர் ஆசிரியருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லோருக்கும் வேலை இருக்கிறது. ஆனால் சேராத மாணவருக்கே அக்கறையாகப் பதில் எழுதுகிற துறை என்றால் அதற்கு மதிப்பு உண்டு. நேரில் போக முடிந்தால் வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். திறந்த நாள் விழாவில் எல்லாக் கல்லூரியும் அழகாகத்தான் இருக்கும். அனுமதி கேட்டு ஒரு முதலாண்டு வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மாணவர்கள் கேள்வி கேட்கிறார்களா என்று பாருங்கள்.

பணமும் கடைசி முடிவும்

அச்சிட்ட கட்டணத்தை வைத்து ஒரு கல்லூரியை ஒதுக்கவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். உதவித்தொகை போக நீங்கள் கட்டப்போவது எவ்வளவு என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் 2011 முதல் கல்லூரிகள் தங்கள் தளத்தில் இதற்கான கணிப்பான் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. முன்வரிசையில் இல்லாத கல்லூரிகளுக்கு நல்ல மாணவர்கள் தேவை. அதனால் மற்ற இடத்தில் கிடைக்காத உதவித்தொகை அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். வந்த கடிதத்தில் இரண்டை மட்டும் பாருங்கள்: உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு, அதைத் தக்கவைக்க எவ்வளவு மதிப்பெண் வேண்டும். போன வருடம் அதைப் பெற்றவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருடமும் தக்கவைத்தார்கள் என்று கேட்டால் தப்பில்லை.

இடம் கிடைத்த கல்லூரிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, முடிக்கும் சதவீதம், இடைநிலைச் சம்பளம், நிஜமாக நடக்கும் விருப்பப் பாடங்கள், முதலாண்டு ஆசிரியர்கள், மொத்தச் செலவு என்று ஐந்து பத்தி போட்டு நிரப்புங்கள். தரவரிசை இடத்துக்குப் பத்தி வேண்டாம். இரண்டு கல்லூரிகள் ஏறக்குறைய சமமாக வந்தால் செலவு குறைந்ததை எடுங்கள். மிச்சமாகும் பணம் மேற்படிப்புக்கோ, சம்பளமில்லாத ஒரு நல்ல இன்டர்ன்ஷிப்புக்கோ உதவும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: விலகினால் எவ்வளவு திரும்ப வரும், எந்தத் தேதி வரை, முதல் வருடத்துக்குப் பிறகு துறை மாற இடமுண்டா. மூன்றாவதற்கு ‘உண்டு’ என்று பதில் வந்தால், போன வருடம் எத்தனை பேர் மாறினார்கள் என்று அதே கடிதத்தின் கீழேயே கேட்டுவிடுங்கள்.